பந்தயக் காரின் பூர்வீகம்

ஃபேரர் பார்க்கில் குடியிருந்த என் பெரியப்பாவிடம் ஒரு பழைய பந்தயக் கார் இருந்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டிலேயே கட்டியது என்று எல்லோரிடமும் சொல்வார். அந்த அதிகாரி யார் என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. காரை விற்க முடிவு செய்தபோது, அதன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி, பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டார்.

எழுதுமுன் காரைப் பார்க்க வேண்டும் என்றேன். இருக்கையைத் தூக்கியதும் அடிச்சட்டத்தில் உளியால் கொத்திய பிள்ளையார் சுழி தெரிந்தது. இரும்பில்கூட அதைப் போடாமல் வேலை தொடங்காதவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரே: கேலாங் பட்டறையில் வெல்டிங் செய்த என் அப்பா.

“அது வெள்ளைக்காரன் போட்ட மார்க் லா,” என்றார் பெரியப்பா. வெள்ளைக்காரர்களுக்குப் பிள்ளையார்மீது இத்தனை பக்தி உண்டென்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். “நான்தான் அண்ணனுக்குச் செஞ்சு குடுத்தேன். நீ வெள்ளைக்காரன்னே எழுதும்மா, அப்பதான் காருக்கு மதிப்பு,” என்றார்.

இருவரில் யாரை அதிகம் இகழ்வது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் பெயரை முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா அதைப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் போயும் பெண்ணுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை என்று உறவினர்களிடம் வருந்தினாராம்.