செத்தவீடு நடக்காத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவில் சறோ அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் துஷாவைக் கொன்றது துஷாவின் கணவன். தீர்ப்பு வந்து, அவன் உள்ளே போய்ப் பல வருடங்கள். உடலை எங்கே மறைத்தான் என்று மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இப்போது, தண்டனை முடியுமுன் வெளியே வர, பரோல் கேட்டிருக்கிறான். அதைக் கேள்விப்பட்டுத்தான் போனேன்.

தேத்தண்ணி வந்தது. சுவரில் துஷாவின் படம். மாலை இல்லை, விளக்கும் இல்லை. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதை எரித்துக் கிரியை செய்து செத்தவீட்டை நடத்தலாம் என்று ஐயர் சொன்னாராம்.

“புல்லைக் கொளுத்திறதுக்கோ தம்பி நான் பிள்ளை பெத்தனான்?” என்றார் அக்கா.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அக்கா தொடர்ந்தார்.

“அவனைச் சாகுமட்டும் உள்ளுக்க வைச்சிருங்கோ எண்டு நான் கேக்கேல்லை. பிள்ளை எங்க எண்டு சொல்லட்டும். சொல்லிப்போட்டு வெளியில வரட்டும்.”

இதில் என்ன பிழை? உடல் எங்கே என்று சொல்லாதவனுக்குப் பரோல் இல்லை என்று வேறு சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில்? பரோல் குழு விரும்பினால் அந்த மௌனத்தைக் கணக்கில் எடுக்கலாம்... அவ்வளவுதான்.

“மௌனம் அவன்ர உரிமை” என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார் எனக்குத் தெரிந்த ஒரு லோயர். வழக்கு முடியும்வரை சரி. தீர்ப்புக்குப் பிறகும் ஒரு தாயை இப்படி வதைப்பது எந்த உரிமையில் சேர்த்தி? எனக்குக் கோபம் வந்தது. “குற்றம் செய்யாத ஒருத்தன் உள்ளுக்க இருந்தால், அவன் எதைச் சொல்லுவான்?” என்றும் அவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். அதற்கும் சட்டத்தில் ஒரு வழி வைக்கத்தான் வேண்டும். அதற்காக சறோ அக்காவுக்கு வழியே இல்லாமல் விடுவதா?

தேத்தண்ணி முடிந்து எழுந்தேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பேசாமல் கதவைத் திறந்தேன். செத்தவீட்டில் இருந்து கிளம்பும்போது ‘போட்டு வாறன்’ என்று நாங்கள் சொல்வதில்லையே — அந்தப் பழக்கம் என்னை அறியாமலே வந்துவிட்டது.

“தம்பி, ஏன் சொல்லாமல் போறீர்?”

திரும்பினேன். அக்கா துஷாவின் படத்துக்குக் கீழே நின்றார்.

“இஞ்ச இன்னும் செத்தவீடு நடக்கேல்லை. சொல்லிப்போட்டுப் போம்.”

“போட்டு வாறன் அக்கா” என்றேன்.

அந்த வீட்டில் இருந்து நான் சொல்லாமல் கிளம்பக்கூடிய ஒரு நாள் — அதைத்தான் அந்தத் தாய் சட்டத்திடம் கேட்கிறார்.