பங்குக் கடையில் அரிசி அளந்தவன்

அரிசி அளந்து போடுகிறவனுக்கு, யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது ஊருக்கு முன்பே தெரிந்துவிடும். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கெல்லாம் வாய்த்தது ஒரு முதலாளி. அவர் வரும்போது எழுந்து நின்றால் போதும், போனதும் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்கோ ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க முதலாளிகள். குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு கித்தா எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு ஆரம்பித்த கடை அது. பங்குக் கடை என்றே அதற்குப் பெயர். எனக்கு எழுத்தும் கணக்கும் ஓரளவு தெரியும் என்று பால் வெட்டுவதிலிருந்து இழுத்துவந்து தராசுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு உட்கார நேரமில்லை.

முதல் வியாபாரம்

அதற்கு முன் எங்கள் எஸ்டேட்டில் இருந்தது பெரிய கங்காணியின் கடை ஒன்றுதான். அரிசியில் பாதி கல் இருக்கும். குறை சொன்னால், "குளுவாங்குக்கு நடந்து போய் வாங்கிக்க" என்பார். தொரையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய கொட்டகையை வாங்கி, கூரை மாற்றி, எங்கள் கடையைத் திறந்த அன்று காலையில் ஈ காக்காய்கூட வரவில்லை. காரணம் எதிரிலேயே இருந்தது. கங்காணி ஒரு நாற்காலியைப் போட்டு, கொட்டகைக்கு வரும் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பங்கு போட்டவர்களெல்லாம் அந்த வழியாக, தலையைக் குனிந்துகொண்டு தண்ணீருக்குப் போனார்கள், வந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

உச்சிவேளைக்கு மேல் முனியம்மா வந்தாள். புருஷனை இழந்தவள், புல் வெட்டுகிற கும்பலில் வேலை. கங்காணியின் நாற்காலியை ஒட்டியே நடந்து வந்து, முந்தானையை விரித்து, அரிசி வாங்கிக்கொண்டு, அதே வழியில் திரும்பிப் போனாள். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், அவள் பேரைக் கூப்பிடவில்லை. "ஒனக்கு வேலை இல்லை, போ" என்றார் கங்காணி. பேர் கூப்பிடப்பட்டவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் நேராகக் கடைக்கு வந்தாள். உன் வயிற்றில் நாங்கள் அடித்துவிட்டோம் என்று ஏதோ உளறினேன். அவள் கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து ராத்திரி சோத்தப் பயப்படாம மென்னு தின்னேன் தம்பி. வேல போனா போவட்டும். அந்த வெளக்கமாத்த எடு, இந்த எடத்த மொதல்ல கூட்டணும்."

துணி

முனியம்மா கூட்ட வந்தாள், பிறகு அரிசி புடைத்தாள், பிறகு அவள் இல்லாமல் கடை நடக்காது என்றாகிவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தைரியம் வந்து வந்தார்கள். மண்ணெண்ணெய், கருவாடு, மிளகாய், காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை எல்லாம் வைத்தோம். பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சாமானைக் கொண்டுபோயே கொடுத்தோம். அப்போதுதான் பங்குக்காரர்கள் கூட்டத்தில் யாரோ, சாவுக்குக் கோடித் துணியும் கடையிலேயே வைக்க வேண்டும் என்றார்கள். அதுவரை யாராவது செத்தால், ஓர் ஆள் குளுவாங்குக்குப் போய்த் துணி வாங்கி வரும்வரை பிணம் காத்துக்கிடக்கும். எங்கள் கமிட்டித் தலைவர் சின்னையாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நல்லா நடக்கிற கடையில பொணத் துணிய வெச்சுக் கும்புடணுமா?" என்று சத்தம் போட்டார். கை தூக்கச் சொன்னோம். அவர் கை மட்டும் கீழேயே இருந்தது. துணி வந்தது.

அந்த வருஷம் புதுக்காடு அழித்தார்கள். காடு வெட்டினால் காய்ச்சல் வரும், அது உங்களுக்கும் தெரிந்ததுதான். லயத்துக்கு லயம் படுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லை. கடையில் கொய்னா தீர்ந்து, வந்து, மறுபடி தீர்ந்தது. ஒரு நாள் மத்தியானம் சின்னையா வந்தார். தாயோடு புதுக்காட்டுக்கு வேலைக்குப் போன அவருடைய மூத்த மகள் காலையில் இறந்துவிட்டாள். துணியை எடுத்துக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "மொரமொரன்னு இருக்கே. அவ இப்படித் துணி கட்ட மாட்டா. மேல உறுத்துதும்பா. கஞ்சி போடாதது இருக்கா?" என்று கேட்டார். வேறு துணி இல்லை. முனியம்மா அதை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி முக்கிக் கசக்கினாள். பிழிந்து, அடுப்பு நெருப்புக்கு மேல் பிடித்துக் காயவைத்தாள். அதுவரை சின்னையா கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். அவள் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுன்னா கட்டிக்குவா."

ஆற்றுக்கு அப்பால்

எங்கள் கடையின் பேர் பரவியது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை திறந்தோம். ஆற்றுக்கு அப்பால் இருந்த எஸ்டேட் ஆட்கள் வந்து, "எங்களையும் சேத்துக்குங்க" என்றார்கள். அங்கே இன்னொன்று. சாமான் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி வாங்கினோம். ஓட்டுவதற்குக் கோவிந்தன் வந்தான். புதிதாகக் கல்யாணமானவன், மாடுகளோடு விடாமல் பேசிக்கொண்டே ஓட்டுவான்.

ஒரு மழைக்காலத்தில் அக்கரைக் கிளையில் அரிசி தீர்ந்துவிட்டது. அங்கே மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்கிறார்கள் என்று சேதி வந்தது. மழை கொஞ்சம் விட்டதும் நானும் கோவிந்தனும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பலகைப் பாலத்தின்மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. போகலாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். நடுப்பாலத்தில் ஒரு பலகை இல்லை. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கோவிந்தன் குதித்து, கத்தியால் கயிற்றை அறுத்தான். ஒரு மாடு விடுபட்டது. இன்னொன்றை அறுப்பதற்குள் வண்டியும் அரிசியும் அதுவும் போய்விட்டன. நான் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவன் திரும்பி வந்து என்னை இழுத்து அக்கரை சேர்த்தான்.

ஒற்றை மாட்டோடும் வெறுங்கையோடும் அக்கரை லயத்துக்குப் போய் நின்றோம். பாத்திரங்களோடு காத்திருந்தார்கள். கோவிந்தன் தரையில் உட்கார்ந்து, மாட்டின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன், "பாத்து ஓட்டியிருக்கலாம்ல?" என்றான். அப்போது காமாட்சி முன்னால் வந்தாள். பால் வெட்டுகிறவள், அந்தக் கிளைக்கு முதலில் பங்கு போட்டவள். தன் பானையிலிருந்து கிழங்கை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அரிசியும் எங்களுது, மாடும் எங்களுது, போனா நாங்க அழுதுக்கிறோம். நீ மட்டும் எங்களுது இல்லண்ணே, ஒம் பொஞ்சாதியோடது. தின்னுட்டு, தண்ணி வடிஞ்சதும் போயி அவ கிட்ட மொகத்தக் காட்டு."

பங்கும் வயிறும்

ஆற்றோடு போன வண்டிக்குப் பதிலாக, மிஞ்சிய மாட்டுக்கு ஒற்றை மாட்டு வண்டி ஒன்று செய்துகொண்டோம். பிறகு கித்தா விலை விழுந்தது. விழுந்தது என்றால், நாங்கள் இடறி விழுந்த மாதிரி அல்ல, கிணற்றில் விழுந்த மாதிரி. கூலியைக் குறைத்தார்கள், பிறகு வேலை நாளையே குறைத்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கிளையை மூடினோம். கங்காணி தன் கடையை எங்களுக்கு முன்பே மூடிவிட்டுப் போய்விட்டார். அதில் சந்தோஷப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை. டவுன் மொத்தக்கடைச் சீன முதலாளியான தவுக்கே எங்களுக்கு நல்லவர்தான். அவரும், "அரிசி வரவில்லை, இருப்பதைக் கொண்டுபோ" என்று பாதி வண்டிக்குக் கொடுத்து அனுப்பினார்.

அந்த அரிசியை எப்படிப் பங்கிடுவது என்று கூட்டம் போட்டோம். ஆறுமுகம் எழுந்தார். நல்ல காலத்தில் மிச்சம்பிடித்து, எல்லாரையும்விட அதிகமாகப் பங்கு வாங்கியவர் அவர். பங்குக்குத் தகுந்த மாதிரி அரிசி வேண்டும் என்றார். பேராசைக்காரன் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னையா கையமர்த்திவிட்டு, "ஆறுமுகம், பங்கு எத்தன வேணா இருக்கட்டும், ஒனக்கு வயிறு ஒன்னுதானேய்யா?" என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆறுமுகத்தின் தம்பி நீண்ட காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், அந்தக் குடும்பமும் இவர் தலையில் விழுந்ததும் எங்களில் ஒருவருக்கும் அப்போது நினைவு வரவில்லை. ஆறுமுகம் கோபப்படவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு வயிறு ஒன்னுதான். வீட்டுல வந்து எண்ணிப் பாருங்க."

வீட்டில் உள்ள தலைகளைப் பார்த்து அளப்பதென்று முடிவானது. தனிக்கட்டைகளுக்கு அதில் வருத்தம். அவர்களில் சிலர் அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் மூத்தவரிடம் முனியம்மா போய்ச் சமாதானம் பேசப் பார்த்தாள். அவர் சொன்ன பதில் இது: "ஞாயந்தான் முனியம்மா. ஞாயத்த வெச்சு ஒல வெக்க முடியுமான்னு பாரு."

ஊருக்கு

அக்கரை எஸ்டேட்டில் பால் வெட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்புவதென்று எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வந்து படித்துக் காட்டினார். போகிறவர்களுக்கு வழிக்கு வேண்டியதைக் கடை கொடுக்கும் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டோம். அவல், ஊறுகாய், கருப்பட்டி, ஆளுக்கு ஒரு சோப்புக்கட்டி. அக்கரைக் கிளையில் நான்தான் கட்டிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் சிலர் சிரித்தார்கள், ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கலாம் என்று. பெரும்பாலோர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காமாட்சி கடைசியில் வந்தாள். புருஷனுக்கு ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அவள் பிறந்தது இந்த லயத்தில். கப்பலை அவள் கண்டதில்லை. கித்தா மரம் இல்லாத ஊரா, அங்கே தண்ணீர் எப்படி எடுப்பார்கள், மாமியார் தன்னைச் சேர்த்துக்கொள்வாளா என்று கேட்டுக்கொண்டே நின்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரிந்தது கொஞ்சம்தான். பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கியவள், நின்று திரும்பினாள்: "திருப்பி அனுப்புறோம், திருப்பி அனுப்புறோம்னு கிராணி சொல்றாரேண்ணே, வந்தவங்களத்தானே திருப்பி அனுப்பணும்? நான் எங்கேருந்தும் வரலியே."

கடைசி வாடிக்கைக்காரர்

ஒரு வாரம் கழித்து, அக்கரைக் கிளையை மூடித் தராசையும் அளவுப்படிகளையும் எடுத்துவர நானும் கோவிந்தனும் போனோம். லயத்துக் கதவுகள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பின்மேல் சட்டிகூட அப்படியே இருந்தது. தராசைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. குப்பன் என்று ஒரு கிழவர். கப்பலுக்கு ஆள் எடுத்த அன்று கித்தா மரங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டாராம். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த எஸ்டேட்டில்தான் புதைத்திருந்தார். ஊரில் யாருமில்லை. "பொயல இருக்கா?" என்று கேட்டார். இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போகவில்லை. நாங்கள் சாமான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கடய மூடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "தொறந்து வெச்சா நான் வந்து போவேன், நான் இருக்கேன்னு ஒருத்தருக்குத் தெரியும்" என்றார், புகையிலையைக் கையில் உருட்டியபடி. எங்கள் பக்கமும் ஒரு வாய்க்குச் சோறு கூடினால் யாராவது ஒருவருக்குக் குறையும், அது அளக்கிற எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன். யாரையும் ஏற்றிவரும்படி கமிட்டி சொல்லவில்லை என்பது அவனுக்கும் தெரியும், இருந்தும் வண்டியில் வைக்கோலைத் தட்டி இடம் பண்ணிக்கொண்டே அவன் கிழவரிடம் சொன்னான்: "ஏறுங்க பெரியவரே. கடையில இருக்கிறது எதையும் விட்டுட்டு வரக் கூடாதுன்னு கமிட்டி உத்தரவு."

இப்போது எங்கள் கடை ஒரே அறையளவுக்குச் சுருங்கிவிட்டது, நானும் காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் வந்துதான் அளக்கிறேன், ஆனால் மாதாந்தரக் கூட்டத்தின் சண்டையில் மட்டும் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.