முனியப்பன் முன்னால் கிருஷ்ணப்பன்

கம்பைநல்லூர் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கும் கிருஷ்ணப்பனைப் பார்த்தால் பயந்த ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு காலத்தில் அவன் வீட்டில் மற்றவர்கள்தான் பயந்துகொண்டிருந்தார்கள். அவன் தெருமுனையில் திரும்பும்போதே மனைவி சாலம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவாள். கடைசியில் ஒருநாள் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். மஞ்சள் காமாலையும் கை நடுக்கமுமாக அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இனி ஒரு சொட்டுச் சாராயம் வாயில் பட்டாலும் பிழைக்க வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கூட்டத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைவோம். யார் யார் வருகிறார்கள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. நான் ஆட்டோ ஓட்டுகிறவன், அங்கே பழைய ஆள். புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வதில் எனக்கு அலாதிப் பிரியம். கிருஷ்ணப்பன் வாயைத் திறக்கவே பல வாரம் ஆனது. திறந்தபோதும், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னான். ஆனாலும் ஒரு வாரம் தவறவில்லை. சாலம்மாள் பிள்ளையோடு திரும்பி வந்தாள்.

தை மாதம் ஒருநாள் போன் செய்தான். அவர்கள் பங்காளிகள் வருடத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். படையலில் சுருட்டோடு பிராந்தியும் வைப்பார்கள். பூசை முடிந்ததும் அதை முறைக்காரன் கையில் ஊற்ற வேண்டும். அவன் குடித்த பிறகுதான் மற்றவர்கள் கறிச்சோற்றில் கை வைக்கலாம். இந்த வருடம் முறை கிருஷ்ணப்பனுடையது.

"குடிச்சா நான் செத்துருவேன். குடிக்கலன்னா சாமி புள்ள மேல கோவத்தக் காட்டிருமோன்னு இருக்குது. நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க தமிழ்ண்ணா."

"நான் இருக்கறப்ப உனக்கென்னப்பா பயம்?" என்றேன். வாய்ச்சவடால் எனக்குக் கூடவே பிறந்தது.

போனேன். தருமபுரி சிநேகிதர் என்று மட்டும் என்னை எல்லாரிடமும் சொல்லிவைத்தான். உச்சிவெயிலில் கிடா விழுந்து, சூடம் காட்டி முடிந்ததும் அவன் அண்ணன் மாது பாட்டிலைத் திறந்தார். கிருஷ்ணப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேணாம்ண்ணா."

கூட்டம் முணுமுணுத்தது. மாது கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் தம்பிக்காக அழுதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்.

"சரி, உனக்கு வேணாம். உனக்காவ உன் சிநேகிதரு வாங்கிக்கட்டும். சாமி ஏத்துக்கும்." பாட்டிலோடு என் பக்கம் திரும்பினார்.

நான் மறுத்திருக்க வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஒரு வாய்தானே, அவனுக்காகத்தானே, சாமிக்காகத்தானே என்று மனசு வரிசையாக நியாயம் சொன்னது. என் வலது கை தானாகக் குழிந்து முன்னால் நீண்டது. அந்தக் கையைப் பார்த்துப் பயந்த மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை. என்னால் அதை மடக்க முடியவில்லை.

கிருஷ்ணப்பன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊத்தாதண்ணா. அவரும் என்னாட்டந்தான்."

இன்னொரு கையால் அண்ணனிடமிருந்து பாட்டிலை வாங்கினான். முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, முனியப்பன் காலடி மண்ணில் அப்படியே கவிழ்த்தான்.

"கோவம் வந்தா என் மேல வரட்டும் சாமி. புள்ளய விட்டுரு."

சாலம்மாள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். பாட்டில் காலியான பிறகும் அவன் என் மணிக்கட்டை விடவில்லை. மூட்டை தூக்குகிறவன் பிடி, எலும்பு வலித்தது. விட்டுவிடாதே கிருஷ்ணப்பா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.