சிவப்பு விளக்கும் மஞ்சள் மாத்திரையும்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலை. வேலைக்குப் போகும் வழியில், சுங்கைப் பட்டாணியில் சிவப்பு விளக்கைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். எனக்கு முன்னால், பள்ளிச் சீருடையில் மகளை ஏற்றிக்கொண்டு ஓர் அம்மா மோட்டார் சைக்கிளில் நின்றிருந்தார்.

அவ்வளவுதான் ஞாபகம். பிறகு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஹெல்மெட்டோடு ஓர் இளைஞர்.

"அண்ணே, பச்சை ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருச்சு லா. வண்டி ரோசாக் ஆயிருச்சா?"

ரோசாக் ஆனது, அதாவது பழுதானது, வண்டி இல்லை; தூங்கிப்போன நான்தான். பிரேக்கிலிருந்து கால் நழுவியிருந்தால்... அந்த அம்மா, அந்தப் பிள்ளை!

சாயங்காலம் இதையே வேடிக்கைக் கதையாக மனைவி கமலாவிடம் சொன்னேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்! மறுநாள் கார் சாவியைக் காணோம். அது கமலாவின் கைப்பையில் இருந்தது.

பாக்கார் ஆராங் வீட்டிலிருந்து பாடாங் செராய் தொழிற்சாலைவரை இனி அவள்தான் டிரைவர். இறக்கிவிட்டதோடு போனாளா? காவலாளி காதில் விழும்படி, "மேசையில தூங்கிறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். எனக்கு என் சாவி வேண்டும். அதற்கு முதலில் தூக்கம் போகவேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து கோப்பி குடித்தேன். கோப்பி உள்ளே போனது, தூக்கம் வெளியே வரவில்லை. "கண்ணு பட்டிருக்கு" என்பது கமலாவின் முடிவு. வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுவந்த சாம்பிராணியைச் சில மாதங்களுக்கு முன்பே தினமும் காலையில் போட ஆரம்பித்திருந்தாள். சாவி கைமாறியபின் இரண்டு கரண்டி கூடுதல்.

கடைசியில் கிளினிக். இளம் பெண் டாக்டர். இரத்தம் எடுத்தார், சர்க்கரை பார்த்தார், குறட்டை உண்டா என்று கமலாவிடம் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்லையே டாக்டர். காலையில தும்மலுக்கு மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

நோய்க்குச் சாப்பிடுவதுதான் நமக்கு மருந்து. தும்மலுக்கு, சளிக்கு, உடம்பு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கி விழுங்குவதெல்லாம் கணக்கிலேயே வராது. மிட்டாய் மாதிரி! அந்த மாத்திரையில் தூக்கம் வரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். சரி, தினமும் காலையில் தும்மல் ஏன் வருகிறது என்று கேட்டார்.

காரணம் எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கமலா பக்கத்தில் இருக்க, சொல்லத்தான் துணிச்சல் இல்லை. கூரையைப் பார்த்தேன். டாக்டரே வீட்டில் புகை ஏதும் உண்டா என்று கேட்டார். சாம்பிராணி, தும்மல், மாத்திரை, தூக்கம், கண் திருஷ்டி, மறுபடி சாம்பிராணி... சுற்றிச் சுற்றி நாங்களே ஓட்டிய ரங்கராட்டினம்.

திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே கமலா கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளா உங்களைத் தூங்க வச்சது நான்தானா?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. மாத்திரையை விழுங்கியது நான்தானே என்றேன். உண்மையும் அதுதான்.

மாத்திரையும் போனது, வீட்டுக்குள் புகையும் போனது. பகல் தூக்கம் மெல்ல விலகியது. மூன்றாவது வாரம், காலைக் கோப்பிக்குப் பக்கத்தில் கார் சாவி இருந்தது. நான் கோப்பியை மறந்து சாவியை எடுத்தேன்.

சாம்பிராணி நின்றுவிட்டதா? அதெப்படி நிற்கும்! இப்போது வாசல் கேட் ஓரமாகப் போடுகிறாள். எங்களுடையது வரிசை வீடு. காற்று எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது?

நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் பாலன் அண்ணன் ஏழு முறை தும்மிவிட்டு, "தம்பி, தும்மலுக்கு மாத்திரை ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

மாத்திரை கொடுக்கவில்லை. அது எவ்வளவு ஆபத்து என்று முழு விவரமும் சொன்னேன் — அந்தத் தும்மல் யார் வீட்டுப் புகையால் என்பதைத் தவிர.