தை பிறந்ததும் போட்ட தளம்

ஜோதிலிங்கம் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். டில்லியில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க்காகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸை ஜனவரி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். போக்கிடம் என்று இருந்தது முனிர்காவுக்கு அப்பால் வாங்கிப் போட்ட துண்டு நிலம் ஒன்றுதான். அதில் இரும்புத் தூண் நிறுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பிவிட்டால் மானம் தப்பும்.

கார்த்திகையிலேயே முடித்திருக்கலாம். குவார்ட்டர்ஸை நீட்டித்துத் தருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தார் மனிதர். மார்கழியிலோ கடப்பாரையைத் தொடவே மாட்டேன் என்று சாதித்துவிட்டார். அப்புறம் தை பிறந்தது. ஊரில் அது இதமான வெயில்; டில்லியில் பல் கிட்டிப்போகிற குளிர், அந்த வருஷம் என்றுமில்லாத உறைபனி வேறு. பஞ்சாங்கத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

இரண்டு ஆட்களை வைத்துத் தரையைத் திமிசு போட்டு இறுக்கினார். சுற்றிலும் பலகை அடித்து, செங்கல் ஜல்லி பரப்பி, காங்கிரீட் கொட்டினார். தூண்களைப் பிடிக்க வேண்டிய போல்ட்டுகளை ஈரத்திலேயே நூல் பிடித்து நட்டார். சாயங்காலமே தளத்தைச் சுற்றி மண்வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினார்.

"ஏனுங்க, இந்தக் குளிருல தண்ணி கட்டோணுங்களா?" என்றாள் மனைவி அருக்காணி.

"தண்ணி கட்டாட்டி வெடிச்சுப் போயிரும் புள்ள. நம்மூர்ல அப்படித்தான பண்ணுவாங்க?"

விடிந்து பார்த்தால் தண்ணீர் பாளமாக உறைந்திருந்தது. குச்சியால் தட்டி உடைத்துவிட்டு, இன்னும் நாலு குடம் ஊற்றினார். பாவம், அக்கறையாகத்தான் ஊற்றினார்.

மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, சாமான்களோடு டெம்போவில் வந்து இறங்கினார்கள். ஃபிட்டர் முதல் தூணை நிறுத்தி நட்டை முறுக்கினான். நட்டோடு போல்ட்டும் சுற்றியது. சுற்றிக்கொண்டே கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. ஜோதிலிங்கம் குனிந்து விரலால் நெருடினார். உறைந்து கெட்டுப்போன தளம் பொரிமாவாக உதிர்ந்தது.

"சப் மிட்டி ஹை, பாபுஜி," என்று ஃபிட்டர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் மண்தான். ஜோதிலிங்கத்துக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அருக்காணி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை.

"இன்னிக்கு ராத்திரி எங்கீங்க படுக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

சாமானை இறக்குவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று டெம்போக்காரன் இந்தியில் கத்தினான். திருப்பிக் கொண்டுபோக எந்த இடம் இருக்கிறது?

"உதார் தோ, பையா," என்று இறக்கிவிடச் சொன்னார் ஜோதிலிங்கம். அவன் கட்டிலை இறக்கி, தளத்தின் நடுவில் போட்டான்.