அத்தான் செய்த சுக்கான்காரன்

என் அத்தான் தையல் மெஷின் மெக்கானிக். முந்நூறு மெஷின் ஓடும் ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருட வேலை. எந்த மெஷின் நின்றாலும், கூப்பிட்ட குரலுக்கு "இதோ வந்துட்டேன்" என்பார். வந்து சேர அரை மணி ஆகும். அதனால் தைக்கிற பெண்கள் அவருக்கு வைத்த பெயரே 'இதோ'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மனிதருக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. எட்டு மீட்டர் நீளம், அடியெல்லாம் விரிசல். ஊரை விட்டுப் போன யாரோ அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டு வருடம் ஒட்டுப்போட்டு அதை மிதக்க வைத்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடமாக, லீவு நாள் என்றால் அவரும் அக்காவும் கடலில்தான்.

வேலைப் பங்கீடு முதல் நாளே முடிவாகிவிட்டது. முன்பக்கம் பாயும் கயிறும் அத்தானுக்கு. பின்பக்கம், படகைத் திருப்புகிற சுக்கான் சக்கரம் அக்காவுக்கு. அத்தான் கையில் சக்கரத்தைக் கொடுத்தால் மனசு ஏதாவது ஒரு மெஷினின் ஊசிக்குப் போய்விடும், படகு அதன் பாட்டுக்குப் போகும். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவள் பிடித்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

போன வருடம் அக்காவின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. தலை வாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. "பயிற்சி பண்ணினா ஆறு மாசத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க" என்றாள். பிறகு ஒரு நாள் பிடிவாதமாகச் சக்கரத்தைப் பிடித்து, அரை மணியில் கண்ணில் தண்ணீர் வர விட்டுவிட்டாள். கரைக்கு வந்ததும் சொன்னாள்:

"படகை வித்துடலாங்க. உங்கள தனியா அனுப்ப மாட்டேன். கூட வந்து சும்மா உக்காந்திருக்கவும் என்னால ஆகாது."

ஆறு மாசத்தில் சரியாகிற தோளுக்கு எதற்குப் படகை விற்க வேண்டும் என்று நான் கேட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்று விழுந்தாள். பல் டாக்டர் ஒருவர் அந்தப் படகின் மேல் ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தார். வெளியூர் போகிறார், மூன்று மாதம் கழித்து வந்து ஓட்டிப் பார்ப்பார் என்று பேச்சாகியது.

மறுநாள் சாயங்காலம் அத்தான் பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், மூணு மாசம் இருக்கு. சக்கரத்த மோட்டார் பிடிக்கட்டும். உங்கக்கா கூட வரட்டும். அவ இல்லன்னா எனக்கு எதுக்குப் படகு?"

தானாகச் சுக்கான் பிடிக்கிற கருவி கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்றேன். "அதுல பெல்ட் போட்டிருக்கற லட்சணத்தப் பாத்தியா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. சாப்பாட்டு மேஜை பட்டறை ஆனது. படகின் சக்கரத்தையே கழற்றி மாடி ஏற்றிவிட்டார். அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். ஒட்டுப்பலகையில் வளையம் அறுத்து, இரண்டு பாதியாகச் சக்கரத்தின் ஆரக்கால்களில் போல்ட் போட்டார். அதைச் சுற்றிப் பல் வைத்த அகலமான பெல்ட். மோட்டார் முனையில் சின்னப் பல்சக்கரம். பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் பெல்ட் இறுகி மோட்டார் சக்கரத்தைத் திருப்பும், தூக்கினால் பெல்ட் தளர்ந்து சக்கரம் நம் கைக்கு வரும். இறுக்கம் சரியா என்று ஒற்றை விரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார், நாடி பார்க்கிற மாதிரி.

மூளை மட்டும் என் பொறுப்பு. நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை, அதோடு திசைகாட்டிச் சில்லு ஒன்று, இரண்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள். படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று அது சொல்லும்; எந்தப் பக்கம் திருப்புவது என்று மோட்டாருக்கு என் புரோகிராம் சொல்லும். இதெல்லாம் ஒரு வேலையா என்று வாய்க்கொழுப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் படகு குடிகாரன் வீடு திரும்புகிற மாதிரி போனது. அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"டேய், படகு திரும்ப ஆரம்பிச்ச உடனே சக்கரத்தப் பின்னாடி எடுத்துடணும்டா. நேரா வர்ற வரைக்கும் பிடிச்சிட்டிருந்தா தாண்டித்தான் போகும்."

"எவ்வளவு எடுக்கணும்?"

"அது கைக்குத் தெரியும். வாயால எப்படிச் சொல்றது?"

அத்தான் சக்கர விளிம்பைச் சுற்றி அவளுடைய தையல் டேப்பை ஒட்டினார். அக்கா இடது கையால் பத்துப் பத்து நிமிடம் ஓட்டினாள். அத்தான் டேப்பைப் படித்துச் சொல்ல நான் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அதை எண்ணாக மாற்றிப் புரோகிராமில் போட்டதும் படகு நேராகப் போனது. "என் கைய அப்படியே காப்பி அடிச்சிட்டீங்க" என்றாள் அக்கா. அது பாராட்டா குறையா என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு புது வியாதி. பத்து நிமிடம் ஒழுங்காகப் போகும். திடீரென்று, தெரிந்தவரைப் பார்த்த மாதிரி, ஒரு பக்கமாகத் திரும்பிப் போகும். அத்தான் ஓடி வந்து குனிந்து பெட்டியைப் பார்ப்பார், இன்னும் மோசமாகும்.

"உன் புரோகிராம்லதான் ஓட்டை" என்றார். நான் நாலு தடவை திருப்பி எழுதினேன். ஐந்தாவது தடவை எனக்கும் கோபம் வந்தது. "உங்க பெல்ட்தான் வழுக்குது அத்தான்" என்றேன். இருபத்தாறு வருடம் பெல்ட் மாட்டின மனிதரிடம் சொல்கிற பேச்சா அது? ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பல் டாக்டர் வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கண்டுபிடித்தது அக்கா. கையில் வேலை இல்லாததால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க முன்னாடி போங்க" என்றாள். போனார். படகு நேரானது. "இப்ப இங்க வாங்க." வந்தார். மூக்கு திரும்பியது. "திரும்பப் போங்க."

மூன்று தடவை நடக்கவிட்டாள். "உங்களக் கண்டாலே அதுக்கு ஆகலைங்க. பையில என்ன வச்சிருக்கீங்க?"

சட்டைப்பையிலிருந்து திருப்புளி வந்தது. அதோடு கட்டைவிரல் அளவுக்கு ஒரு காந்தம். தையல் மெஷினின் பொடித் திருகுகள் உள்ளே விழுந்தால் எடுப்பது கஷ்டம். அதனால் திருப்புளி முனையைக் காந்தத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் தொழில் வழக்கம். சில்லு இருந்த பெட்டியோ அவர் குனிகிற இருக்கைக்கு நேர் கீழே. வருடக்கணக்காகக் காந்தத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அலைகிறவர், திசை தெரியவில்லை என்று என்னைத் திட்டியிருக்கிறார்! நான் தாம்தூம் என்று குதித்தேன். "சரி விடு மச்சான்" என்றார். கரைக்கு வந்ததும் அவரே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். அவரிடம் அதுவே பெரிய மன்னிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் படகை விற்க வேண்டாம் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல் டாக்டர் சொன்ன தேதியில் வந்துவிட்டார்.

அத்தான் பாயை ஏற்றி நெம்புகோலை அழுத்தினார். பெல்ட் இறுகியது, மோட்டார் முனகியது, படகு பிடித்த திசையில் போனது. டாக்டர் குழந்தை மாதிரி குனிந்து குனிந்து பார்த்தார். திசை மாறாததால் பாயைத் தொடத் தேவையில்லை, அத்தானுக்கு முன்பக்கம் வேலை இல்லாமல் போனது. காந்தத்தையும் திருப்புளியையும் கரையிலேயே விட்டு வந்திருந்ததால், தைரியமாகப் பின்னால் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடத்தில் இவர்கள் இரண்டு பேரும் இந்தப் படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவர் அந்தக் கோடி, இவள் இந்தக் கோடி. நடுவில் "இழு", "விடு", "பாத்து" என்ற கத்தல்தான். இப்போது என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அக்காவின் கைகள் மடியில் கிடந்தன.

தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "தோள் சரியாகாதுங்க. முதல்லயே சொல்லிட்டாங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

"தெரியும். ரிப்போர்ட்ட அன்னிக்கே படிச்சிட்டேன்" என்றார் அத்தான். "அதான் அகலமான பெல்ட்டா போட்டேன். பத்து வருஷம் தாங்கும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதரை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து, இந்தப் பெல்ட்டும் படகோடு சேர்ந்துதானே, எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க டாக்டர், குடுக்கறதா இல்ல. நாங்க இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."