டிரம் இல்லாத ரெக்கார்டு

இசைத்தட்டுகளை விற்பது சுலபம். அவற்றைப் பற்றி வரும் கருத்துகளைத் தாங்குவதுதான் தொழில். யாருக்காவது ஒரு பாட்டைச் சிபாரிசு செய்துவிட்டு, மறுநாள் அவர் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி நடந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மல்லேஸ்வரத்தில், ஒரு பல் மருத்துவருக்குக் கீழே என் கடை. அவருடைய நோயாளிகள் மிரள்கிறார்கள் என்பதால் ஸ்பீக்கர் கிடையாது; எல்லாம் ஹெட்போன்தான். போன தடவை வாங்கியதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவருக்குப் புதிதாக வந்த பெட்டியைத் திறந்து காட்ட மாட்டேன் என்று ஒரு விதியும் வைத்திருக்கிறேன். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பார்களே, அது.

ஆண்கள் வராத கோயர்

வின்சென்ட் சார் லிங்கராஜபுரத்துக்காரர். பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர். இப்போது சர்ச்சில் பாடும் கோயரைப் பழக்குகிறார். நர்ஸாக இருக்கும் மகள் நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்குவதால், வீட்டிலும் அவருக்கு ஹெட்போன்தான். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் கொடுத்துவிடுவார். இவ்வளவு பணிவாகக் கேட்கிறவர் பெங்களூரிலேயே இல்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரு கோயர் தட்டை விற்றேன். 'அடிக்குரலில் ஆண்கள் இறங்கும்போது மாடிப்படியே நம்மோடு இறங்கும்' என்றெல்லாம் சொல்லித்தான். அடுத்த சனிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார்.

"கொஞ்ச நாளாவே நீ குடுக்கறதெல்லாம் அரைகுறையா இருக்கு தம்பி. அடிக்குரல் ஆம்பளைங்க அன்னிக்கி லீவா? இன்னொண்ணு இப்டி வந்துச்சுன்னா பிளேயரை வித்துட்டு டி.வி. முன்னாடி உக்காந்துடுவேன், பாத்துக்கோ!"

மௌனத்தின் ரசிகர்

பயந்துபோனேன். வாடிக்கையாளர்கள் வருவார்கள், போவார்கள்; வாங்கியதை இத்தனை கவனமாகக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறவர் ஒருவர்தான். குறை சொல்லவே முடியாததாகத் தேடி, குழலும் சிதாரும் மாறி மாறி வாசிக்கும் ஒரு ஜுகல்பந்தியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குழல்காரர் ஒரு வரி வாசிக்கிறாராம். பிறகு அப்படியே நிறுத்திவிடுகிறாராம். அந்த நீண்ட அமைதிதான் சங்கீதம் என்றார். நான் வீட்டுக்குப் போய், அந்த அமைதியைத் தேடிக் கேட்டுப் பார்த்தேன். சிதார் விடவில்லை. சிதாரையே மௌனமாகக் கேட்கிற ரசனை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனாலும் சிதார் வாசிப்பு எப்படி என்று அவரிடமே ஒருமுறை கேட்டுவைத்தேன். அதைவிடச் சுருக்கமான, அதைவிடக் கொடூரமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

"எந்த சிதாரு?"

மண்டையோடும் மாமியும்

வசந்தா மாமி பக்கத்து கிராஸ் தெருவில் வீணை சொல்லிக்கொடுப்பவர். புதிய பெட்டியில் மேலாக ஒரு ஹெவி மெட்டல் தட்டு. அட்டை முழுக்க மண்டையோடு. "இது என்னப்பா, திருஷ்டிப் படமா?" என்றார். எனக்குள் குறும்பு எட்டிப் பார்த்தது. ஹெட்போனை நீட்டினேன். நாலு அடி விழுந்ததும் கழற்றி எறிவார் என்று காத்திருந்தேன்.

மாமி அசையவில்லை. கண்ணை மூடி, தொடையில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார்.

"ஹௌதா! அப்படியா சங்கதி! கத்தறான், அது அவன் இஷ்டம். ஆனா ஏழு அட்சரத்துல போட்டுண்டு எங்கேயும் இடறாம வந்து நிக்கறான் பாரு! நம்ம பொண்களுக்கு ஆதி தாளமே நிக்க மாட்டேங்கறது. இதைக் கட்டிக் குடு."

ஆட்டோவில் வந்த பிளேயர்

ஜுகல்பந்தி தந்த தைரியத்தில் வின்சென்ட் சாருக்கு ஒரு பழைய ஜாஸ் தட்டைக் கொடுத்தேன். பியானோவும் டிரம்மும் மட்டும். டிரம்மர் குச்சியை விட்டுவிட்டு பிரஷ்ஷால் தடவுவார். ஈர முற்றத்தை யாரோ பெருக்குவது போலிருக்கும்.

அடுத்த வாரம் ஆட்டோவிலிருந்து அவர் இறங்கினார். மடியில் பிளேயர். "டிரம்மே இல்ல. இந்தா, நீயே யாருக்காச்சும் வித்துக் குடுத்துடு" என்று மேஜைமேல் வைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. வலித்தாலும் பண்டிதப் புத்தி போகுமா? அட்டையைத் திருப்பி, டிரம்மரின் பெயரையும் படத்தையும் தொட்டுக் காட்டினேன்.

"படத்துல இருக்கான். பாட்டுல இல்ல."

மாமி நீட்டிய ஹெட்போன்

அப்போது கடையில் வசந்தா மாமியும் இருந்தார். தட்டை ஓடவிட்டேன். மாமி கேட்டுவிட்டு, "டிரம் ஜம்முன்னு இருக்கே, நீங்களே கேளுங்கோ" என்று ஹெட்போனைக் கழற்றி எதிரே நின்றவரிடம் அப்படியே நீட்டினார். அவரும் வந்த வாக்கில் மாட்டிக்கொண்டார். இடது வலதாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. திருத்தக் கை நீட்டினேன்.

"இரு, இரு! டிரம் வந்துடுச்சு!" என்று என் கையைப் பிடித்தார். பிறகு மெதுவாக, "பியானோ எங்க போச்சு?"

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் பியானோவை ஒரு காதுக்கும் டிரம்மை மறு காதுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மாமி எழுந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவருடைய வலது காதருகே விரலைச் சொடுக்கினார். அவர் திரும்பவில்லை.

"அந்தக் காது கொஞ்சம் மந்தம்தான்" என்றார் தரையைப் பார்த்து. "அதுக்கும் ரெக்கார்டுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டேன்." நாளைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லி அதட்டினார் மாமி.

என் ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் உண்டு. இரண்டு பக்கத்து ஓசையையும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைத் தொடுவது பாவம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். ஹெட்போனை மறுபடி அவருக்கு மாட்டிவிட்டு அதை அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி எழும்வரை திறக்கவில்லை.

அவர் கொண்டுவந்த பிளேயரின் பின்புறத்திலும் அதே பொத்தான் தூசிக்கடியில் இருந்தது. துடைத்துக் காட்டினேன். பிளேயரைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டார். வாசல்வரை கூடப் போய், பிரஷ் வாசிப்பின் நுட்பத்தைப் பற்றி ஆரம்பித்தேன். வழக்கம்போல வலது காதைக் கொடுத்தபடி நின்றுவிட்டு, ஆட்டோவில் ஏறியதும் சொன்னார்:

"டிரம்மர் இருக்கான் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா இவன் இல்லாமலே நல்லாருந்துச்சு."

இசைக்கு இரண்டு காது வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றே போதுமாம், மற்றது என்னைப் போன்றவர்கள் விளக்கும்போது திருப்பிக் கொடுப்பதற்கு.